சாலை கைவிட்ட ஊர்

ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆற்றங்கரையையும் கோட்டை மதிலையும் கோயில் கோபுரத்தையும் தேடிச் செல்வது வழக்கம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அத்தகைய சான்றுகளைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். அங்குள்ள சிற்றூர்கள் பலவற்றுக்கு ஆறும் இல்லை, அரணும் இல்லை. இரயில் என்ஜின் தண்ணீருக்காக நின்ற இடம் ஓர் ஊராயிற்று. மோட்டார் வண்டி பெட்ரோலுக்காக நின்ற இடம் மற்றோர் ஊராயிற்று. அவ்வாறு பிறந்த ஊர்கள், நிற்க வேண்டிய தேவை ஒருநாள் அற்றுப் போனபோது என்ன ஆயின? இவ்வினாவுக்கு விடை காண அரிசோனா மாநிலத்தின் வடபகுதியிலுள்ள செலிக்மன் என்னும் சிற்றூர் மிகவும் பொருத்தமானது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில், வறண்ட புல்வெளியின் நடுவே அது கிடக்கிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்தவர் ஐந்நூறு பேர்கூட இல்லை.

நாற்பதாம் எண் விரைவுச்சாலையில் மேற்கு நோக்கிச் செல்லும் பயணி, 139ஆம் எண் வெளிவழியில் திரும்பினால் பழைய 66ஆம் நெடுஞ்சாலையை அடைகிறார். போக ஒரு தடம், வர ஒரு தடம், அவ்வளவே. இருபது மைலுக்கும் குறைவான ஓட்டத்தில் செலிக்மன் வந்துவிடும். அகன்ற ஒரே தெரு. அதன் இருமருங்கிலும் தாழ்ந்த கூரையுடைய கடைகள். கடைவாசல்களில் 1950ஆம் ஆண்டுகளின் கார்கள். ஆள் இல்லாத மனைகளில் முளைத்த புதர்கள். பின்னால் இரயில் பாதை. வேனிற்காலத்தில் இத்தெருவில் சுற்றுலாப் பேருந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் வந்து நிற்கின்றன. அவற்றினும் பெரிய உருவோடு அசைந்து வருபவை அமெரிக்கர் ஆர்.வி. என்று சுருக்கி வழங்கும் வீட்டுவண்டிகள்.

இந்த வீட்டுவண்டியைச் சற்று நின்று நோக்குதல் தகும். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை, கழிவறை, நன்னீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி ஆகிய யாவும் அதனுள் அடங்கியுள்ளன. 1910ஆம் ஆண்டிலேயே பியர்ஸ் ஆரோ நிறுவனம், பின்னிருக்கையைப் படுக்கையாக விரிக்கத்தக்க வண்டியொன்றை நியூயார்க்குக் கண்காட்சியில் வைத்தது. ஆயினும் அது செல்வர்க்குரிய ஆடம்பரமாகவே இருந்தது. ஐயோவா மாநிலத்து வின்னிபேகோ நிறுவனம் 1966 முதல் இவ்வண்டிகளைத் தொடர் உற்பத்தி முறையில் செய்து விலையைக் குறைத்த பின்னரே நடுத்தரக் குடும்பத்தார் இதனை நாடினர். பெட்ரோல் நிரப்பவும், தொட்டியை நிறைக்கவும் கழிவைக் கொட்டவும் மட்டுமே இவ்வண்டி எங்கேனும் நிற்க வேண்டும். செலிக்மன் போன்ற ஊர் ஒருகாலத்தில் பயணிக்கு விற்றவை எவை? ஒரு வேளை உணவு, ஓர் இரவு உறக்கம், குளிக்கக் கொஞ்சம் வெந்நீர். இவை அனைத்தையும் இப்பயணி தம்முடனேயே கொண்டு வந்துவிட்டார். ஆயினும் அவர் செலிக்மனில் நிற்கிறார். எதற்காக நிற்கிறார் என்பதை அறிய அவ்வூரின் கதையைத் தொடக்கத்திலிருந்தே காண வேண்டும்.

அந்நிலத்தில் முதன்முதல் வழி கண்டவர்கள் வெள்ளையர் அல்லர். ஹுவாலாப்பாய், ஹவசுப்பாய் என்னும் பழங்குடியினரின் நடைபாதைகள் அங்கு நெடுங்காலமாக இருந்தன. 1857இல் எட்வர்டு பீல் என்பவர், அரசின் ஆணைப்படி மேற்குக் கடற்கரைக்கு வண்டிப்பாதை காண அவ்வழியே வந்தார். அவருடன் வந்தவை ஒட்டகங்கள். அமெரிக்கப் பாலைநிலத்திற்கு ஒட்டகம் பொருந்துமா எனப் படைத்துறை அந்நாளில் சோதித்துக் கொண்டிருந்தது. பொருந்தியது என்றே பீல் கருதினார். ஆனால், உள்நாட்டுப் போர் வந்து அந்த முயற்சியை மறக்கச் செய்துவிட்டது. பீல் வகுத்த பாதையைப் பெரும்பாலும் தழுவியே 1880ஆம் ஆண்டுகளில் அட்லாண்டிக் பசிபிக் இரயில் நிறுவனம் தண்டவாளம் இட்டது. பிரெஸ்காட் என்னும் நகருக்குக் கிளைப்பாதை பிரிந்த இடம் முதலில் பிரெஸ்காட் சந்திப்பு என்றே வழங்கிற்று. பின்னர் அதற்குச் செலிக்மன் என்ற பெயர் வந்தது. அப்பெயர், இரயில் பாதைக்குப் பணம் கொடுத்துதவிய நியூயார்க்கு வங்கிக் குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தார் அவ்வூரை ஆண்டவரும் அல்லர். அங்கே வாழ்ந்தவரும் அல்லர். கடன் கொடுத்தவரின் பெயரையே ஊருக்குச் சூட்டிய காலம் அது.

சாண்டா பே இரயில் நிறுவனம் செலிக்மனைத் தன் பிரிவு நிலையமாக்கிக் கொண்டது. என்ஜின் ஓட்டுநரும் பணியாளரும் அங்கே மாறினர். 1905இல் ‘ஹவாசு’ என்னும் பெயருடன் பெரிய உணவகமும் தங்குமனையும் நிலையத்தருகே எழுந்தன. பிரெட் ஹார்வி நிறுவனம் இரயில் பாதை நெடுகிலும் நடத்திவந்த புகழ்பெற்ற உணவகங்களுள் அதுவும் ஒன்று. வெள்ளைத் துணி விரித்த மேசையில், சீருடை அணிந்த பெண்கள் உணவு பரிமாறினர் என்றால், சுற்றிலும் மாடு மேய்ப்போர் மட்டுமே வாழ்ந்த அந்நிலத்தில் அது எத்தகைய காட்சியாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1926 நவம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளுக்கு எண் வழங்கும் திட்டம் ஒப்புதல் பெற்றது. சிகாகோவில் தொடங்கி எட்டு மாநிலங்களைக் கடந்து கலிபோர்னியாவுக்குச் செல்லும் ஏறத்தாழ 2,400 மைல் நீளமுள்ள வழிக்கு 66 என்ற எண் கிடைத்தது. ஓக்லகோமா மாநிலத்தின் துல்சா நகரைச் சேர்ந்த சைரஸ் எவரி இதற்காகப் பெரிதும் உழைத்தவர். எண் கிடைத்ததே தவிர, முழுவதும் தார் கிடைக்கவில்லை. பெரும்பகுதி மண்ணும் சரளையுமாகவே இருந்தது. 1938இல்தான் அச்சாலை முழுமையும் செப்பனிடப்பட்டது. அதற்குள்ளாகவே அதன்மேல் ஒரு பெருந்துயரம் நடந்து சென்றுவிட்டது. 1930ஆம் ஆண்டுகளில் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலமிழந்த உழவர்கள், பொருளாதார மந்தத்தால் வேலையும் இழந்து, பழைய வண்டிகளில் பாயையும் பானையையும் கட்டிக்கொண்டு ஓக்லகோமாவிலிருந்தும் டெக்சசிலிருந்தும் மேற்கே போயினர். ஜான் ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட நாவல் அவர்களைப் பற்றியதே. அச்சாலையைத் ‘தாய்ச்சாலை’ என்று அழைத்தவரும் அவரே.

இனி வருவது ஒரு முடிதிருத்துவோர் குடும்பத்தின் கதை. செலிக்மனின் வரலாறு முழுவதும் அதற்குள் அடங்கிக் கிடக்கிறது எனலாம். மெக்சிகோவிலிருந்து குடிபெயர்ந்த டெல்காடியோ என்பவர் 1920ஆம் ஆண்டுகளில் இரயில் பாதையை ஒட்டிய தெருவில் முடிதிருத்தகமும் பில்லியர்ட்ஸ் மேசைகள் போட்ட ஒரு கூடமும் நடத்தினார். 66ஆம் நெடுஞ்சாலை அப்போது அத்தெரு வழியாகவே சென்றது. 1933இல் அதிகாரிகள் சாலையின் போக்கைச் சற்று மாற்றினர். பெரிய மாற்றமன்று, ஒரு தெரு தள்ளிப் போட்டார்கள். அந்த ஒரு தெருவே டெல்காடியோவுக்குப் பேரிழப்பாயிற்று. புதிய தெருவில் ஓடிய வண்டிகள் பழைய தெருவை எட்டிப் பார்க்கவில்லை. மந்த காலமும் சேர்ந்துகொள்ள, அவர் தொழில் குலைந்தது. ஒன்பது பிள்ளைகளைக் கொண்ட அக்குடும்பம் தட்டுமுட்டுப் பொருள்களைப் பழைய போர்டு காரில் ஏற்றி, ஏனைய ஏழைகளைப் போலவே கலிபோர்னியாவுக்குப் புறப்பட ஆயத்தமாயிற்று. மூத்த பிள்ளைகள் இசைக்குழு ஒன்றில் சேர்ந்து ஈட்டிய சிறுவருவாய்தான் அவர்களைத் தடுத்து நிறுத்தியது. வண்டியில் ஏற்றிய பொருள்களை மீண்டும் வீட்டுக்குள் இறக்கினர்.

அப்போது ஆறு வயதுச் சிறுவனாக இருந்த ஏஞ்சல் டெல்காடியோ பின்னாளில் தந்தையின் தொழிலையே கற்றார். கலிபோர்னியாவில் பயிற்சி பெற்று, 1950இல் செலிக்மனுக்குத் திரும்பி முடிதிருத்தலானார். அண்ணன் ஹுவான், இரயில் வேலையின்போது சேர்த்த பழைய பலகைகளைக் கொண்டு 1953இல் ஒரு சிற்றுணவகம் கட்டினார். ‘ஸ்னோ கேப்’ என்பது அதன் பெயர். அவர் ஒரு குறும்பர். கதவில் இரண்டு கைப்பிடிகள் வைத்து, எதைத் திருகினால் திறக்கும் என வருவோரைத் திகைக்க வைப்பார். கடுகுக் குழம்பு என்று சொல்லி மஞ்சள் கயிற்றைப் பீய்ச்சுவார். நெடுந்தூரம் வண்டியோட்டி வந்த களைப்பில் இருப்போர்க்குச் சிரிப்பும் ஓர் உணவே என்று அவர் அறிந்திருந்தார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய முப்பது ஆண்டுகள் அவ்வூருக்குப் பொற்காலம். அக்கால வண்டிகளின் இயல்பும் அதற்குத் துணை நின்றது. வண்டிகளில் குளிர்காற்று வசதி அரிது. ஏற்றத்தில் என்ஜின் கொதிக்கும். டயர் அடிக்கடி பழுதாகும். பாலையைப் பகலில் கடக்க அஞ்சி இரவில் ஓட்டியவர் பலர். ஆகவே பயணி நின்று நின்றே செல்ல வேண்டியிருந்தது. பெட்ரோல் நிலையமும் பழுது பார்க்கும் பட்டறையும் மோட்டல் எனப்படும் சாலையோரத் தங்குவிடுதியும் இரவு முழுதும் விளக்கெரிய விழித்திருந்தன. ஊரார் ஒருவர்க்கொருவர் விற்று வாழவில்லை. முன்பின் அறியாத வழிப்போக்கர்க்கு விற்று வாழ்ந்தனர்.

ஆயினும் அந்தப் பொற்காலம் எல்லார்க்கும் உரியதன்று. இந்நாளில் அச்சாலையைப் போற்றுவோர் பலர் இதனைச் சொல்வதில்லை. 1946இல் அச்சாலையைப் பற்றிய பாடலைப் பாடி நாடெங்கும் பரப்பியவர் நாட் கிங் கோல் என்னும் கறுப்பினப் பாடகர். அவர் பாடிய அதே சாலையில், அவர் இனத்தவர்க்கு அறை தர மறுத்த விடுதிகள் பலவாக இருந்தன. எந்த ஊரில் தங்கலாம், எந்த ஊரில் தங்கலாகாது என்பதை அறிவிக்க, விக்டர் கிரீன் என்னும் அஞ்சல் ஊழியர் 1936 முதல் ஒரு கையேட்டையே ஆண்டுதோறும் வெளியிட வேண்டியிருந்தது. அந்நாளிலும் சில பயணிகள் உணவையும் படுக்கையையும் தம் வண்டியிலேயே ஏற்றிச் சென்றனர். அதற்குக் காரணம் உல்லாசம் அன்று.

சாலையின் முடிவு செலிக்மனில் எழுதப்பட்டதன்று. 1919இல் ஐசனோவர் என்னும் இளம் படை அதிகாரி, வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை சென்ற படை வண்டி அணியில் உடன் சென்றார். அப்பயணம் முடிய 62 நாள்கள் ஆயின. பாலங்கள் முறிந்தன, வண்டிகள் சேற்றில் அழுந்தின. பின்னர்ப் போர்க்காலத்தில் ஜெர்மனியின் அகன்ற விரைவுச்சாலைகளையும் அவர் கண்டார். அதிபரான பின் 1956 ஜூன் 29ஆம் நாள் அவர் கையொப்பமிட்ட சட்டம், 41,000 மைல் விரைவுச்சாலை அமைக்க வழிவகுத்தது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை நடுவண் அரசே ஏற்றது. குறுக்குச் சந்திகள் இல்லை. சாலையோரக் கடைகள் இல்லை. ஊருக்குள் நுழையும் தொல்லையும் இல்லை. நாட்டின் நோக்கில் பார்த்தால் அது தவறான திட்டமன்று. பழைய சாலையில் நேர்ந்த விபத்துகள் கொஞ்சமல்ல. ‘இரத்தச் சாலை’ என்றுகூட அதற்கொரு பெயர் இருந்தது. ஆனால், வரைபடத்தில் நேர்க்கோடு இழுப்பவர் கண்ணுக்கு முடிதிருத்தகம் தெரிவதில்லை.

செலிக்மனுக்கும் கிங்மன் நகருக்கும் இடையே பழைய சாலை வடக்கே வளைந்து 87 மைல் செல்கிறது. புதிய விரைவுச்சாலை தெற்கே நேராகச் சென்று ஏறத்தாழ 70 மைலில் அதே நகரை அடைகிறது. 1978 செப்டம்பர் 22ஆம் நாள் அது திறக்கப்பட்டது. முந்திய நாள் வரை ஆயிரக்கணக்கில் வந்த வண்டிகள் அன்று பிற்பகலோடு நின்றன என்று ஏஞ்சல் டெல்காடியோ பல நேர்காணல்களில் கூறியுள்ளார். சாலையைக் கடக்க வழி கிடைக்காமல் காத்து நின்ற தெருவில், அதன் பின்னர் நடுவே நின்று பேசிக்கொண்டிருக்க முடிந்தது. தந்தைக்கு ஒரு தெரு தள்ளிச் சென்ற சாலை, மகனுக்கு ஊரையே தள்ளிச் சென்றது. கடைகள் ஒவ்வொன்றாக மூடின, இளைஞர் வெளியேறினர். 1985இல் இரயில் நிறுவனமும் பணியாளர் மாறும் ஏற்பாட்டைச் செலிக்மனிலிருந்து நீக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் 27ஆம் நாள், 66 என்ற எண்ணே நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து அகற்றப்பட்டது. ஊரைப் பெற்ற தாயும் வளர்த்த செவிலியும் ஓராண்டிலேயே கைவிட்டனர்.

இத்தகைய நிலை மலேசிய வாசகர்க்கு முற்றிலும் புதிதன்று. 1994இல் வடக்கு தெற்கு விரைவுச்சாலை முழுமை பெற்ற பின், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா முதலிய ஊர்களின் பழைய சாலையில் நெடுந்தூர வண்டிகள் குறைந்தன. ஆயினும் அவ்வூர்களைச் சுற்றித் தோட்டங்கள் இருந்தன. சந்தையும் பள்ளியும் இருந்தன. வழிப்போக்கர் வாராவிடினும் ஊரார் வருவர். செலிக்மனைச் சுற்றி இருந்தவை மேய்ச்சல் நிலமும் வானமுமே.

இந்நிலையில் சாலையோர மோட்டல்களை விலைக்கு வாங்க முன்வந்தோர் யார் என்பது ஒரு சுவையான துணைக்கதை. 1973இன் எண்ணெய் நெருக்கடியாலும் புதிய சாலைகளாலும் விலை சரிந்த விடுதிகளை, அமெரிக்காவின் பல பகுதிகளில் குஜராத்தியர் வாங்கினர். இந்தியாவிலிருந்தும், 1972இல் உகாண்டா அரசு வெளியேற்றிய பின் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். குடும்பமே அங்குத் தங்கி, குடும்பத்தாரே அறை துடைத்து, துணி துவைத்து நடத்தினர். சில ஊர்களில், போட்டி விடுதிக்காரர் ‘அமெரிக்கர் உடைமை’ என்று பலகை மாட்டி அவர்களை இழிவுபடுத்தியதும் உண்டு. 1989இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். இன்று அமெரிக்கத் தங்குவிடுதிகளுள் ஏறத்தாழப் பாதி இந்திய வம்சாவளியினர் கையில் உள்ளது. பிறர் கைவிட்ட சாலையில்தான் அவர்கள் காலூன்றினர்.

செலிக்மனுக்குத் திரும்புவோம். ஒன்பது ஆண்டுகள் அவ்வூர் சோர்ந்து கிடந்தது. பழைய சாலையை வரலாற்றுச் சாலையாக அறிவிக்குமாறு ஏஞ்சல் டெல்காடியோ அரசுக்கு விண்ணப்பித்தார். தொடக்கத்தில் அதைக் கேட்பாரில்லை. 1987 பிப்ரவரியில் செலிக்மனிலும் கிங்மனிலும் வாழ்ந்த சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர், அவரே தலைவரானார். அரிசோனாவின் 66ஆம் நெடுஞ்சாலை வரலாற்றுச் சங்கம் அவ்வாறு பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் செலிக்மன் முதல் கிங்மன் வரையுள்ள சாலையை மாநில அரசு வரலாற்றுச் சாலையாக அறிவித்தது. 1988 முதல் ஆண்டுதோறும் பழைய கார்களின் ஊர்வலம் நடைபெறலாயிற்று. மற்ற மாநிலங்களிலும் சங்கங்கள் தோன்றின. 1999இல் நாடாளுமன்றமே அச்சாலையைக் காக்கச் சட்டம் இயற்றியது. பொறியாளரோ பேராசிரியரோ முயன்று பெற்ற வெற்றியன்று இது. தந்தைக்கு நேர்ந்ததைக் கண்ட ஒருவர், அது மீண்டும் நேர்ந்தபோது வண்டியில் பொருளை ஏற்றாமல் இருந்தார், அதனால் விளைந்தது.

வியப்பான செய்தி இன்னொன்று உண்டு. மற்ற இடங்களில் விரைவுச்சாலை பழைய சாலையின் மேலேயே போடப்பட்டு அதனை விழுங்கிவிட்டது. இங்கோ புதிய சாலை வேறு வழியே போனதால் பழையது தீண்டப்படாமல் கிடந்தது. கலிபோர்னிய எல்லை வரை ஏறத்தாழ 158 மைல் தொடர்ச்சியாக எஞ்சியுள்ள பகுதி இதுவே. எந்த விலகல் ஊரைக் கொன்றதோ, அதே விலகல்தான் சாலையைக் காத்தது.

இப்போது வீட்டுவண்டிப் பயணி செலிக்மனில் நிற்பதன் காரணம் விளங்கும். முன்னாளில் வந்தவர் தேவையால் நின்றார். இவர் விருப்பத்தால் நிற்கிறார். முன்னவர் உணவும் உறக்கமும் வாங்கினார். இவர் நினைவுப் பொருள் வாங்குகிறார். சாலை எண் பொறித்த சட்டை, தகரப் பலகை, படஅட்டை ஆகியவை கடைகளில் குவிந்துள்ளன. 2006இல் வெளிவந்த ‘கார்ஸ்’ என்னும் கேலிச்சித்திரத் திரைப்படத்தின் இயக்குநர் ஜான் லாசெட்டர், அதை உருவாக்குமுன் இச்சாலையில் பயணம் செய்து ஏஞ்சலிடமும் செய்தி கேட்டறிந்தார். அதன்பின் குழந்தைகளும் பெற்றோரை இழுத்துக்கொண்டு வரலாயினர். கடைவாசலில் நிற்கும் துருப்பிடித்த கார்களுக்குக் கண் வரையப்பட்டிருப்பது அதனால்தான்.

நினைவை விற்று ஓர் ஊர் வாழலாமா என்று முகம் சுளிப்போர் உண்டு. அவ்வளவு எளிதாக இகழ்வதற்கில்லை. பசித்தவனுக்கு ரொட்டி விற்றதும் வணிகமே. ஏக்கம் கொண்டவனுக்குப் படம் விற்பதும் வணிகமே. முன்னதில் கௌரவம் இருந்தது, பின்னதில் இல்லை என்று சொல்ல, செலிக்மனில் வரி கட்டி வாழாதவர்க்கு உரிமை கிடையாது. குறை வேறிடத்தில் உள்ளது. விற்கப்படும் நினைவு எவருடையது என்று கேட்க வேண்டும். படஅட்டைகளில் பளபளக்கும் காரும் சிரிக்கும் குடும்பமும் உண்டு; புழுதியிலிருந்து ஓடிவந்த உழவர் இல்லை. அறை மறுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பம் இல்லை. ஊருக்கு உயிர் கொடுத்த இரயிலின் ‘ஹவாசு’ மனையும் இல்லை. 1950ஆம் ஆண்டுகளின் நடுவில் உணவகம் மூடப்பட்டு, நெடுங்காலம் வெறுமையாய் நின்ற அக்கட்டடம் 2008இல் இடிக்கப்பட்டது. அதைக் காக்க வேண்டுமென்று குரல் எழுந்தும் பயன் விளையவில்லை. அதனினும் இளைய பெட்ரோல் குழாய்கள் வண்ணம் பூசப்பட்டுக் காக்கப்படுகின்றன. பயணி எதைப் பார்க்க வருகிறாரோ அதுவே வரலாறாக நிலைக்கிறது. அவர் தேடாதது இடிபடுகிறது.

செலிக்மனைக் கடந்து மேற்கே செல்வோர் பீச் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரைக் காண்பர். அது 1883இல் ஒதுக்கப்பட்ட ஹுவாலாப்பாய் மக்களின் நிலத்திலுள்ள தலைமை ஊர். பயணியர் பலர் அங்கு நிற்பதில்லை. வாங்கிச் செல்லப் படஅட்டை மிகுதியாக இல்லை. ஆனால், வரலாறு பயில்வோர் செலிக்மனைவிட அங்கே அதிக நேரம் நிற்க வேண்டும். இரயில் நிறுவனம் தங்கள் நிலத்தின்மேல் கொண்டாடிய உரிமையை எதிர்த்து இம்மக்கள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உடன்படிக்கையோ அரசின் முறையான ஏற்போ இல்லாவிடினும், தொன்றுதொட்டு வாழ்ந்து வருவதனாலேயே ஒரு குடியினர்க்கு நிலத்தின்மேல் உரிமை உண்டு என்று 1941 டிசம்பரில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழங்குடியினரின் நில உரிமை பற்றிய வழக்குகளில் பிற நாட்டு நீதிமன்றங்களும் பின்னாளில் எடுத்துக்காட்டிய தீர்ப்பு அது. விரைவுச்சாலை திசைமாறியபோது பீச் ஸ்பிரிங்ஸும் வருவாய் இழந்தது. எனினும் அவ்வூர் சாலைக்காகப் பிறந்த ஊரன்று. ஆகலின் சாலை போனதால் அதன் பெயரும் பொருளும் போய்விடவில்லை.

அதற்கப்பால் ட்ரக்ஸ்டன், வாலண்டைன், ஹாக்பெரி எனச் சில வீடுகளே எஞ்சிய ஊர்கள் வருகின்றன. கிங்மனைக் கடந்த பின் பழைய சாலை, மலைமேல் ஏறி ஓட்மன் என்னும் சுரங்க ஊருக்குச் செல்கிறது. அந்தக் கூரிய வளைவுகளில் 40 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகள் செல்லத் தடை உண்டு. பெரிய வீட்டுவண்டி அங்கே தோற்றுத் திரும்ப வேண்டும். 1930ஆம் ஆண்டுகளில் அதே ஏற்றத்தைக் கண்டு அஞ்சியோர், உள்ளூராரைக் கூலிக்கு அமர்த்தி வண்டியை இழுத்துச் செல்லச் செய்தனர்.

2026ஆம் ஆண்டு அச்சாலைக்கு நூறாவது ஆண்டு. ஒரு நூற்றாண்டு நிறைவில், சாலையாக அது வாழ்ந்தது 59 ஆண்டுகளே. எஞ்சிய ஆண்டுகளில் பெயராகவே வாழ்ந்து வந்திருக்கிறது. செலிக்மனில் ஹுவான் 2004இல் மறைந்த பின்னும் அவருடைய சிற்றுணவகத்தைக் குடும்பத்தார் தொடர்ந்து நடத்தினர். இரட்டைக் கைப்பிடிக் கதவையும் அவர்கள் மாற்றவில்லை. அதன் பின்புறத்திலே சற்றுத் தொலைவில், ‘ஹவாசு’ மனை நின்ற வெற்றிடத்தை ஒட்டி, நாள்தோறும் நீண்ட சரக்கு இரயில்கள் போகின்றன. தெருவில் படம் எடுத்துக்கொண்டிருப்போர் அவ்வோசையில் ஒருகணம் பேச்சை நிறுத்துகின்றனர். இரயில் நிற்பதில்லை.